ஃபில்லட் ரோலிங்

கிராங்க்ஷாஃப்ட், ரயில் அச்சு போன்ற எஃகு உறுப்புகளின் வளைமூலைகளைக் கடினமான ரோலரால் அழுத்தி உருட்டி, உலோகச் சோர்வால் முறியாதபடி வலுவூட்டும் முறை. இதில் உலோகத்தைச் செதுக்குவதில்லை, சூடாக்குவதில்லை, மேலே எதையும் பூசுவதுமில்லை.

1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் இன்ஜினின் அச்சு முறிந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஒரே தடவையில் தாங்கும் பளுவையே ஓயாமல் மாறி மாறி ஏற்றினால் எஃகு முறிந்துவிடும் என்பதை ஜெர்மானியர் ஆகஸ்ட் வோலர் 1850, 60களில் சோதித்துக் காட்டினார். நோய் தெரிந்தும் மருந்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிரவுன்ஷ்வைக்கில் ஓட்டோ ஃபெப்பலும், 1930களில் அமெரிக்காவில் ஆஸ்கர் ஹார்கரும் மேற்பரப்பை உருட்டி அழுத்தினால் ஆயுள் கூடுவதை நிறுவினர்.

கிராங்க்ஷாஃப்டில் பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதியான ஜர்னலும், ஜர்னல்களை இணைக்கும் கையான வெப்பும் (web) சேரும் மூலைக்குத்தான் ஃபில்லட் என்று பெயர். இன்ஜின் சுழலச் சுழல இழுவிசை அங்கேதான் குவியும். ரோலர் அழுத்தும்போது மேல்தோல் பரவப் பார்க்கிறது. அடியிலுள்ள உலோகம் இடம் தராமல் அதை நெருக்கிப் பிடிக்கிறது. இந்த நெருக்கம் அப்படியே தங்கிவிடுகிறது. அதன்பின் நுண்விரிசல் தோன்றினாலும் வாய் திறந்து வளர முடியாமல் பெரும்பாலும் நின்றுவிடும். தோல் இறுகுவதும் வழவழப்பாவதும் கூடுதல் நன்மைகள். அழுத்தம் மிஞ்சினால் தண்டே கோணும். அதனால் உருட்டியபின் கோணல் பார்ப்பது வழக்கம்.

தென்சென்னைப் புறநகருக்கு, இந்த முறை பயன்படும் ரயில், மோட்டார் ஆகிய இரண்டு தொழில்களோடும் பழைய உறவு உண்டு. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. ரயில்வே பணிமனைகளில் அச்சு ஜர்னலைக் கடைந்ததும் ரோலரால் அழுத்தி மெருகேற்றும் லேத்தும் ஃபில்லட் ரோலிங்கின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதன் முதல் நோக்கம் வழவழப்பு. மோட்டார் பக்கம், வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார் ஆலை இருந்தது. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) ஆட்டோமொபைல் பொறியியலைத் தொடக்கம் முதலே கற்பித்தது. மறைமலை நகரில் ஃபோர்டு 2010இல் இன்ஜின் ஆலை திறந்தது. 2022இல் உற்பத்தி நின்றது.

ஆலை நின்றாலும் அதன் இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன; தேய்ந்தால் கிரைண்டிங் பட்டறைக்கு வரும். சிக்கல் அங்கேதான். ஜர்னலை அண்டர்சைஸுக்கு, அதாவது குறைந்த விட்டத்துக்கு, தேய்க்கும்போது கிரைண்டிங் கல் ஃபில்லட்டையும் தொட்டால், உருட்டிய தோல் போய்விடும். வெல்டிங் சூட்டிலும் நெருக்கம் தளரும். அளவெடுக்கும் மைக்ரோமீட்டருக்கு இந்த இழப்பு தெரியாது. உருட்டப்பட்ட கிராங்கைத் தேய்க்கக் கொடுப்பவர், ஃபில்லட்டில் கல் படக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.