நூறு காமிராக்களின் படம்

ஆவணப்படம் என்றதும், இயக்குநர் காமிராவோடு களத்தில் நிற்கும் காட்சியே மனத்தில் எழுகிறது. ஏ.கே. செட்டியாரின் ‘மகாத்மா காந்தி’ (1940) அவ்வாறு உருவானதன்று. ஏறத்தாழ முப்பதாண்டுகளில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த சுருள்களைத் தேடிச் சேர்த்துத் தொகுத்த படம் அது.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது வயது 25. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். காமிராவைத் தாமே இயக்க வல்லவர். அத்தகையவர் பிறர் எடுத்த காட்சிகளைத் தேடித் தென்னாப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அலைந்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. திரைக்கு வந்தது அதில் ஒரு பகுதியே. எதை விடுவது என்று முடிவெடுப்பவனே இத்தகைய படத்தின் ஆசிரியன் என்பது என் எண்ணம். (‘குமரி மலர்’ இதழை நாற்பதாண்டுகள் நடத்தியவருக்கு அது இயல்பாகக் கைவந்திருக்கும்.)

உடனுழைத்தோரில் பாரிஸில் பயின்ற ஒளிப்பதிவாளர் பி.வி. பதியின் பெயர் நிலைத்திருக்கிறது. அந்த நூற்றுவரில் பெரும்பாலோர் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. செய்திப்படத்துக்காக அன்றாடக் கூலிக்குக் காமிரா சுழற்றியவர்களும் அவர்களுள் இருந்திருக்கக்கூடும்.

படத்தின் கதியும் ஏறக்குறைய அதுவே. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாயிற்று. தமிழ்ப் பிரதியோ காலப்போக்கில் காணாமற் போயிற்று. உலகமெல்லாம் தேடிச் சேர்த்தவரின் படத்தை, அவர் 1983இல் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, ஆ.இரா. வேங்கடாசலபதி தேட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்தது ஆங்கில வடிவமே.