கூரையின் கை

ஓட்டு வீட்டு வேலையில் ஆசாரி ‘கை’ என்றால் அது கைமரம். முகட்டு வளையிலிருந்து சுவர் நோக்கிச் சரிந்து இறங்கும் சட்டம். பனையில் எடுத்தால் பனங்கை. தோளிலிருந்து இறங்கும் கையைப் பார்த்துத்தான் நம்மவர்கள் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

முகட்டில் இரண்டு பக்கத்துக் கைகளும் எதிரெதிரே சாய்ந்து கூடுகின்றன. ஓட்டுப் பாரம் ஏறியதும் அவற்றின் அடி வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கும். சுவரையும் சேர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்து நிறுத்தவே சுவருக்குச் சுவர் விட்டம் போடுகிறார்கள். கைக்குப் பனையைத் தேர்ந்ததிலும் தேர்ந்த அறிவு இருக்கிறது. தேக்குக்கும் வேம்புக்கும் வைரம் நடுவில், பனைக்கோ புறத்தில். முற்றிய மரத்தைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றியைச் செதுக்கித் தள்ளினால் கறுத்த நார் ஓடிய கை மிஞ்சும். தலைமுறைகளைத் தாங்கக்கூடியது அது.

கை சுவரோடு நிற்பதில்லை. சுவரைத் தாண்டி வெளியே நீண்டு தாழ்கிறது. அந்தத் தாழ்ந்த பகுதிக்குச் சங்க காலப் பெயர் ‘இறை’. புறநானூற்றின் 129ஆம் பாட்டில் குறவர் குடிசைக்கு வரும் அடை ‘குறியிறை’, அதாவது குறுகிய இறை. குறுந்தொகை 46இல் மாமலாடன் காட்டும் வீட்டுக்குருவி, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்றுவிட்டுக் குஞ்சுகளோடு தங்குவதும் வீட்டு இறையில்தான். கருக்கரிவாளைச் செருகி வைக்கும் ‘எறவாணம்’ இந்த இறையின் வழி வந்த இறவாணமே. மலையாளத்தில் ‘இறயம்’ என்று வழங்குகிறது. ‘இறங்கு’ என்ற வினையையும் இதே குடும்பத்தில் வைக்கவே எனக்கு மனம் செல்கிறது. பழந்தமிழில் மணிக்கட்டும் ‘இறை’. விட்டத்துக்குச் சொல்லும் ‘வளை’ கைவளைக்கும் பெயர். கை, இறை, வளை மூன்றும் ஒரே கூரையில் கூடுவது தற்செயலாக இருக்கலாம். அதை வைத்து வாதம் கட்ட மாட்டேன், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு சீமை ஓடு பரவியது. கைகளின் குறுக்கே ஓடும் சட்டத்துக்கு வரிச்சு என்றிருந்த இடத்தில் ‘ரீப்பர்’ என்ற சொல் வந்தது. கைமரத்தின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இந்தச் சொல் போய்ச் சேர்ந்த உயரமான இடம் கோயில். கோயில் கூரையின் விளிம்பில் வளைந்து தொங்கும் கல்லுக்குக் ‘கொடுங்கை’ என்று பெயர். கொடுவாளில் உள்ள ‘கொடு’, வளைவு; கொடுங்கை, வளைந்த கை. கல்லில் கட்டியவர்கள் மரக்கூரையின் வடிவத்தையும் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் 7ஆம் நூற்றாண்டில் ஒரு வேய்ந்த குடிசையைப் பாறையாகவே நிறுத்தியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே கொடுங்கையின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கைமரங்கள், அவற்றின் குறுக்கே ஓடும் சட்டங்கள், அடித்த ஆணிகளின் தலைகள் எல்லாம் கருங்கல். கல்லுக்கு ஆணி தேவையே இல்லை. ஆனால் மரக்கூரையில் எந்த இடத்தில் ஆணி இறங்கும் என்று செதுக்கிய கைகளுக்குத் தெரிந்திருந்தது. பிற்காலச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி, ஆவுடையார்கோயில் கொடுங்கை இவை நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்று எழுதிக்கொடுத்தார்களாம். வழிவழியாக வரும் பேச்சு இது. அந்தக் கொடுங்கையைச் செதுக்கியவர்களின் பெயர் கல்தச்சர். தச்சு மர வேலையின் பெயர். அதைக் கல்லுக்கு வந்த பிறகும் அவர்கள் விடவில்லை.