உப்பும் மூச்சும்

ஆம்பூரில் வளர்ந்த எனக்கு உப்பு என்றாலே பதப்படுத்தக் காத்திருக்கும் பச்சைத்தோல்தான் நினைவு. வேலூர் சிஎம்சியில் அதே உப்பு ஒரு பரம்பரை நோயைக் காட்டிக்கொடுக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தையின் வியர்வையில் உப்பு கூடுதல். அது 1953-ல் தெரிந்தது. மரபணு 1989-ல் கிடைத்தது. அதற்குமுன் எத்தனை குழந்தைகள் காசநோய், ஆஸ்துமா என்றே போனார்களோ!

சரி, நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கு? ஊதும் சோதனை சொல்வது மொத்தக் கணக்கு. சின்னச் சளியடைப்புகள் அதில் தப்பிவிடும். எக்ஸ்ரே வடிவத்தைக் காட்டும், காற்றோட்டத்தை அல்ல. 1994-ல் செனான் வாயுவை நிரப்பி எலி நுரையீரலை எம்ஆர்ஐ எடுத்தார்கள். மனிதருக்கு அமெரிக்கா அனுமதித்தது 2022-ல். ஒரு மூச்சு இழுத்துச் சில நொடி அடக்கினால் போதும், கதிர்வீச்சு கிடையாது. காற்று போகாத மூலை கறுப்பாகத் தெரியும். ஊதும் சோதனையில் 'நார்மல்' வாங்கிய பிள்ளைக்கும்கூட.