மறைந்து நின்ற ஓ: 1919-இன் ‘இந்தியர்’ வரிசையும் திருப்பூர் இரத்ததானப் பதிவேடும்

பி வகை இரத்தத்தின் தாயகம் இந்தியா என்ற கருத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை. இன்னொரு பக்கம், வடக்கிலிருந்து தெற்கே வரவர பி குறைகிறது, ஓ கூடுகிறது. ஆகவே ஓ இம்மண்ணின் பழைய அடுக்கு, பி பின்னால் வந்து சேர்ந்தது என்ற வாதம் பல வடிவங்களில் நம் முன் வைக்கப்படுகிறது. இரண்டின் வேரும் ஒரே ஓர் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையே இவற்றுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பது என் கருத்து.

முதல் உலகப் போரின்போது சலோனிகா போர்முனையில் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும் ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்டும் திரட்டிய கணக்கு 1919-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதில் 16 மக்கட்பிரிவுகள். ‘இந்தியர்’ என்ற வரிசையில் 1,000 பேர்: ஓ 31.3, ஏ 19.0, பி 41.2, ஏபி 8.5 விழுக்காடு. ஏபி-யை இரு பக்கமும் சேர்த்து, ஏ உள்ளவர்களின் கூட்டுத்தொகையை பி உள்ளவர்களின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு குறியீட்டெண் கண்டார்கள். ஆங்கிலேயருக்கு 4.5, இந்தியருக்கு 0.5. ஏ ஐரோப்பாவின் வடக்கிலும் பி இந்தியாவிலும் தோன்றின என்று அதிலிருந்து முடிவு கட்டினார்கள்.

இந்த வகுத்தலில் ஓ எங்கே? எங்குமே இல்லை. இது கவனக்குறைவு அல்ல. ஏ, பி இரண்டும் தனித்தனி இடங்களில் அமைந்த மரபணுக்கள், இரண்டும் இல்லாத நிலையே ஓ என்று வான் டுங்கெர்னும் ஹிர்ஷ்ஃபெல்டும் 1910 வாக்கில் முன்வைத்த கோட்பாடு அவர்கள் கையில் இருந்தது. வெறும் இன்மையை யார் எண்ணப்போகிறார்கள்?

அந்தக் கோட்பாடு சரியென்றால், ஏ உள்ள 27.5 விழுக்காட்டையும் பி உள்ள 49.7 விழுக்காட்டையும் பெருக்க, ஆயிரத்தில் 137 பேர் ஏபி ஆக இருந்திருக்க வேண்டும். இருந்தவர்கள் 85 பேர். 1924-இல் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் சொன்னபடி, ஒரே இடத்தில் மூன்று மாற்று மரபணுக்கள் என்று கொண்டு அதே வரிசையைக் கணக்கிட்டால், ஏ சுமார் 15, பி 29, ஓ 56 விழுக்காடு வருகிறது. எதிர்பார்க்கும் ஏபி 86 பேர். அட்டவணைக்கும் கணக்குக்கும் ஒரே ஆள் வித்தியாசம்.

ஆக, ‘பி நாடு’ என்று பெயர் வாங்கிய வரிசையிலேயே பாதிக்கு மேற்பட்ட மரபணு ஓ. அங்கே பி என்று பதிவான பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் உள்ளுக்குள் ஓ-வைச் சுமந்திருந்தார்கள். பரிசோதனைத் தட்டில் அது தெரியாது. நீல நிற ஏ எதிர்ச்சீரத்தில் திரளாமல், மஞ்சள் நிற பி எதிர்ச்சீரத்தில் மட்டும் இரத்தம் திரிதிரியாகத் திரண்டால் பி என்று எழுதுகிறோம். இரண்டு பி உள்ளவருக்கும் ஒரு பி, ஒரு ஓ உள்ளவருக்கும் அதே திரள்தான். ஓ ஓர் அடுக்கு, பி இன்னோர் அடுக்கு என்று பிரித்துப் பேசுபவர்கள், பெரும்பாலும் ஒரே ஆளின் உடம்பில் இருக்கும் இரண்டு மரபணுக்களை இரண்டு குடிகளாக்குகிறார்கள்.

ஆயிரம் பேர் போதாது என்ற மறுப்பு வரலாம். 137-ஆ 86-ஆ என்று இரு கோட்பாடுகளை ஒப்பிடும் சோதனைக்கு அது தாராளம்.

இரத்த வகையைக் குடியாக வாசிக்கும் இதே பிழை பசிபிக்கிலும் நடந்தது. கிழக்குப் பாலினீசியரிடம் பி மிக அரிது, தென் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இல்லை. எனவே உறவு என்பது 1952-இல் தோர் ஹெயெர்டால் வாதிட்டவற்றுள் ஒன்று. ஆனால் பாலினீசியரிடம் ஏ ஏராளம். தென் அமெரிக்கப் பழங்குடிகளோ ஏறத்தாழ முழுக்க ஓ. மேற்கே சமோவாவிலும் தொங்காவிலும் பி இருக்கவே செய்கிறது. சில படகுகளில் கிளம்பிய சிறு கூட்டங்கள் தீவுக்குத் தீவு நகரும்போது ஒரு மரபணு வழியில் உதிர்ந்துபோவது இயல்பு. அமெரிக்கத் தொடர்பு சிறிதளவு உண்டு என்று 2020-இல் மரபணுத்தொகுதி அளவிலான ஆய்வு காட்டியது உண்மை. அது தொடர்பு மட்டுமே, பூர்வீகம் அல்ல. அதைக் காட்டித் தந்ததும் ஏபிஓ அல்ல. மேலும் மனிதருக்கும் கிப்பன் குரங்குகளுக்கும் ஏபிஓ வேறுபாடு பொதுவான முன்னோர்வழி வந்தது என்று 2012-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, பி-க்கு எந்த நாட்டையும் தாயகமாகச் சொல்ல இடமில்லை.

ஒன்றில் மட்டும் நான் நிதானமாகவே சொல்ல வேண்டும். பெர்ன்ஸ்டைன் கணக்கு அழகாகப் பொருந்துவதால் அந்த ஆயிரம் சிப்பாய்களும் ஒரே குடியினர் ஆகிவிடமாட்டார்கள். ஓரளவே வேறுபடும் பல குடிகளைக் கலந்தாலும் ஏபிஓ கணக்கு பொருந்தியே காட்டும். கலப்பை அது மறைத்துவிடும்.

திருப்பூரில் இதுதான் சிக்கல். பனியன் கம்பெனியில் முகாம் போட்டால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களும், மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களும், உள்ளூர்க்காரர்களும் ஒரே வரிசையில் கை நீட்டுகிறார்கள். படிவத்தில் முகவரி என்று ஏறுவது கம்பெனி விடுதி அல்லது காம்பவுண்டு வீடு. அந்தப் பதிவேட்டைக் கூட்டி ‘கொங்கு மக்களின் இரத்த வகை’ என்று தலைப்பிட்டால், சலோனிகாவின் ‘இந்தியர்’ வரிசையை மறுபடி எழுதியதாகும். கூட்டம் (குலம்) பார்த்து, பங்காளி விலக்கி, சாதிக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் ஊரில் இந்தத் தலைப்பு இன்னும் பொருந்தாது. அரிய வகைக்காரர்களைத் திரும்பத் திரும்ப அழைப்பதால், ஆட்களை விட்டுப் பைகளை எண்ணும் கணக்கில் நெகட்டிவ் வகைகள் கூடுதலாகத் தெரியும் என்பது தனி.

முகாம் நடத்துபவர்கள் கொடையாளர் சம்மதத்தோடு பெற்றோர் பிறந்த மாவட்டத்தையும் ஒரு கட்டத்தில் எழுதி வாங்க வேண்டும். அது வரும்வரை, இப்பதிவேடுகளை இரத்த இருப்புத் திட்டத்துக்குப் பயன்படுத்துங்கள்; பூர்வீகம் பேசப் பயன்படுத்தாதீர்கள்.