வழைச்சு நீங்கிய நெல்மது: பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் குடியும் லாகர் பீரும்

பண்டைத் தமிழரின் மதுவழக்கம் பற்றிய ஆய்வுகளில் 'கள்' என்னும் சொல் பெரும்பாலும் பனை அல்லது தென்னையின் பாளையிலிருந்து இறக்கப்படும் கள்ளாகவே பொருள் கொள்ளப்படுகிறது. தேனிலிருந்து ஆக்கிய தேறல் பற்றிய குறிப்புகள் அவ்வப்போது எடுத்துக்காட்டப்படுகின்றன. தானியத்தைச் சமைத்துப் புளிக்கவைத்து ஆக்கிய மதுவோ 'தோப்பி' என்ற சொல்லுக்குரிய அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. சங்க நூல்கள் கள்ளைப் பற்றிக் கூறும்போது 'அடு' என்னும் வினையைப் பலவிடங்களில் ஆள்வதைக் கருதினால் இவ்வழக்கம் போதாது என்பது விளங்கும். பாளையில் வடியும் சாற்றை அடவேண்டியதில்லை. அது கலயத்திலேயே தானாகப் புளிக்கும். அடுதல் என்பது சோற்றுக்கும் குழம்புக்கும் உரிய வினை. அடுப்பும் நீரும் தானியமும் உள்ள இடத்தில் நிகழ்வது. பீர் ஆலையை 'மதுவடிப்பாலை' என்று இன்றைய தமிழ் சுட்டுகிறது. வடித்தல் சாராயத்துக்குப் பொருந்துமேயன்றிப் பீருக்கு அவ்வளவு பொருந்தாது. பழைய வினையே தொழிலுக்கு நெருக்கமானது.

இத்தொழிலின் முழுமையான செய்முறை கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. 500 அடிகள் கொண்ட இப்பாட்டு தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. தொண்டைநாட்டு நிலப்பகுதிகளைப் பாணன் கடந்துசெல்லும் வழியாக அடுக்கிக் காட்டுவது. நெல்மதுவுக்கோ அடப்பட்ட கள்ளுக்கோ உரிய குறிப்புகள் இதில் மூன்றிடங்களில் வருகின்றன. ஆநிரை கவர்ந்து மீளும் மறவர் தம் இல்லத்தில் அட்ட தோப்பியைப் பருகுகின்றனர். துறைமுகப் பட்டினத்தில் கள் அடும் மகளிர் கலம் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது. அதில் பன்றிகள் புரள்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே, மருதநிலத்து நீர்நிலைகளில் மீன்பிடிக்கும் வலைஞர் குடியிருப்பில்தான் புலவர் நின்று நிதானமாகச் செய்முறையைச் சொல்கிறார். தளர்ந்து வரும் பாணனுக்கு அங்கே சுட்ட மீனோடு இம்மது கிடைக்கும் என்பதே அப்பகுதியின் செய்தி.

செய்முறை பின்வருமாறு அமைகிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அக்களியை அகன்ற வாயுடைய 'பிழா'வில் இட்டு ஆறவிடுகின்றனர். ஆறியபின் 'அடை' ஒன்றை அதனோடு கலக்கின்றனர். இனிமை தோன்ற இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. வலிய வாயுடைய சாடியில் அதன் 'வழைச்சு' நீங்கும்வரை விளையவிடுகின்றனர். பின்னர் வெந்நீரின் துணையோடு அரித்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கின்றனர்.

இவ்வரிசையில் ஒரு படியைக்கூட முன்பின்னாக மாற்ற இயலாது. அரிசியின் மாவுப்பொருள் நீரில் குழைவதற்குச் சுமார் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளோ நுண்ணுயிரிகளோ அத்தகைய வெப்பத்தில் நெடுநேரம் தாங்கா. ஆகவே முதலில் சமைத்தலும், பின் ஆற்றுதலும், அதன்பின்னரே அடையைக் கலத்தலும் கட்டாயமாகின்றன. பிழாவின் வாய் அகன்றிருத்தல் வெறும் அடைமொழியன்று. களி விரைவாகவும் சீராகவும் ஆறுவதற்கு அதுவே வழி. இன்றைய லாகர் ஆலைகளில் அரிசி சேர்க்கப்படும்போதும் அதனைத் தனிக் கலத்தில் வேகவைத்தே வாற்கோதுமை முளைமாவுக் கலவையோடு சேர்க்கின்றனர். பாடலில் இருப்பது கற்பனை வருணனை அன்று, தொழிலை அருகிருந்து கண்டோர் கூற்று என்பதற்கு இப்பொருத்தமே போதிய சான்றாகும்.

அடை எது?

சிக்கல் 'அடை' என்னும் சொல்லில் இருக்கிறது. உரைமரபு இதனை நெல்முளையோடு தொடர்புபடுத்தும். 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியரின் உரையோடு 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இப்பொருளே பெருவழக்காயிற்று. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கிலோ வைக்கோலிலோ மூடி முளைகட்டும் வழக்கத்தை உழவர் அனைவரும் அறிவர். வேர்கள் ஒன்றோடொன்று பின்னி முளைநெல் ஓர் அடையாகவே திரளும். முளைத்த தானியத்தில் மாவைச் சர்க்கரையாக்கும் நொதி உண்டு. ஐரோப்பியப் பீரின் அடிப்படையும் அதுவே. இப்பொருளைக் கொண்டால் வலைஞரின் மது, முளைத்தானியப் பீர் ஆகிறது.

ஆயினும் பாடலின் உவமை வேறொரு திசையையும் காட்டுகிறது. அடையின் பூத்த புறத்தோற்றம் புற்றினுள் இருக்கும் குரும்பிக்கு, அதாவது புற்றாஞ்சோற்றுக்கு, ஒப்பிடப்படுகிறது. புற்றாஞ்சோறு என்பது கறையான்கள் பூஞ்சையை வளர்க்கும் பஞ்சு போன்ற படுகை. அதன் மேற்புறத்தில் வெண்மணிகள் போன்ற பூஞ்சை முடிச்சுகள் காணப்படும். அரிசிமாவைப் பிசைந்து உலர்த்திப் பூஞ்சை படரவிட்ட புளிப்பு அடையும் இத்தோற்றத்தையே கொள்ளும். வடகிழக்கிந்தியாவின் அரிசிமதுக்களும் இந்தோனேசியாவின் 'ராகி' அடையும் சப்பானின் 'கோஜி'யும் இம்முறையைச் சார்ந்தவை. கௌடலீயத்தின் அர்த்தசாத்திரம் 'மேதகம்' என்னும் அரிசிமதுவுக்கு நீர், அரிசி ஆகியவற்றோடு 'கிண்வம்' என்னும் புளிப்பூட்டியையே கூறுகிறது, முளையைக் கூறவில்லை. தென்னிந்திய அரிசிமதுவோடு தொடர்புடைய பூஞ்சை ஒன்றுக்கு நுண்ணுயிரியலார் 'ரைசோபஸ் சொந்தி' என்று பெயரிட்டிருப்பதும் இங்கே எண்ணத்தக்கது.

மற்றொரு காரணமும் உண்டு. வாற்கோதுமை முளையோடு ஒப்பிட நெல்முளையின் சர்க்கரையாக்கும் திறன் குறைவு. கெட்டியான அரிசிக்களியை நெல்முளை மட்டுமே இரண்டு நாளில் இனிமையும் மதுவுமாக்குதல் கடினம். பூஞ்சைக்கும் நொதிமத்துக்கும் அது இயல்பான கால அளவு. எனவே அடை என்பது பூஞ்சை படர்ந்த முளைநெல் அடையாகவோ பூஞ்சை அடையாகவோ இருத்தலே கூடும். இம்முடிவு ஏற்கப்பட்டால், இந்நெல்மதுவின் உறவினரை ஐரோப்பாவில் அன்றிக் கிழக்காசியாவிலும் வடகிழக்கிந்தியாவிலும் தேடவேண்டியிருக்கும். 'பீர்' என்று மொழிபெயர்ப்பதும்கூட வசதி கருதிய வழக்கே ஆகும்.

வழைச்சும் லாகரும்

செய்முறையில் மிகுதியும் கவனிக்கப்படாத சொல் 'வழைச்சு'. இளமை, முதிராத் தன்மை என்று இதற்குப் பொருள் கூறுவர். மது ஆயிற்றா இல்லையா என்பதற்குப் புலவர் காட்டும் அளவுகோல் இதுவே. புளிப்போ வெறியோ அளவாகவில்லை. பச்சைத்தன்மை அகன்றதா என்பதே கேள்வி. இது நாவால் மட்டுமே அறியக்கூடிய அளவுகோல் என்பதால், சுவைத்துப் பார்த்தலைப் பற்றிய தொழிற்சொல் ஒன்று தமிழில் இருந்தமைக்கு இது சான்றாகிறது.

ஐரோப்பியத் தொழிலாளரும் முதிராத பீரைப் 'பச்சைப் பீர்' என்றே வழங்குவர். நொதித்தல் முடிந்தவுடன் பீரில் பச்சை ஆப்பிள் நாற்றமும் வெண்ணெய் போன்ற சுவையும் நிற்கும். நொதிமம் அவற்றைத் தானே மீள உறிஞ்சிக் கரைக்கக் காலம் வேண்டும். 'லாகர்' என்ற செருமானியச் சொல்லின் பொருளே இருப்பு வைத்தல் என்பதாகும். குளிர்ந்த நிலவறையில், உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பத்தில், வாரக்கணக்கில் வைத்து வழைச்சை நீக்கும் முறை அது. பிளசன் நகரில் 1842இல் யோசப் குரோல் ஆக்கிய பொன்னிற லாகர் அதன் புகழ்பெற்ற வடிவம். 1870களில் கார்ல் ஃபொன் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தை அமைத்தபின்னரே அது வெப்பநாடுகளில் ஆக்கத்தக்கதாயிற்று. குளிர்ப்பொறி வருமுன் தமிழகத்தில் பீர் ஆலை நீலகிரியில் அமைந்ததன் காரணம் இதுவே. 1857இல் அங்குத் தோன்றிய காசில் புரூவரி, 1915இல் தாமஸ் லீஷ்மன் ஒன்றிணைத்த ஐந்து ஆலைகளுள் ஒன்றாக யுனைடெட் புரூவரீஸில் கலந்தது. தொண்டைநாட்டுச் சாடிக்குக் குளிர் இல்லை. கடற்கரை வெப்பத்தில் அதே பச்சைத்தன்மை சில நாளிலேயே நீங்கிவிடும். அதைத் தாண்டினால் புளிக்காடியாகும். இரண்டு பகல், இரண்டு இரவு என்னும் கணக்கின் துல்லியம் அதனால் வந்தது.

காட்டூர்க் கரையில்

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த காட்டூர்ப் பகுதி இதே தொண்டைநாட்டு வடகரையில் உள்ளது. பாடலின் வலைஞர் குளத்து மீனவர். பழவேற்காட்டு மீனவர் 'பாடு' முறையால் காயலைப் பங்கிட்டுப் பிடிப்போர். இருவரையும் ஒன்றாக்குதல் பிழையாகும். பாடல் இவ்வூரைச் சுட்டவும் இல்லை. எனினும் நெல்வயலும் மீன்பிடி நீரும் அடுத்தடுத்து அமைந்த நிலத்திலேயே இம்மது பிறந்தது என்பதை இப்பகுதியின் அமைப்பு நன்கு விளக்குகிறது. தெற்கே வடசென்னைக் கடலோரக் குப்பங்களில் அரிசியைப் புளிக்கவைத்து ஆக்கும் 'சுண்டக்கஞ்சி' அண்மைக்காலம் வரை அறியப்பட்டிருந்தது. அதற்கும் வலைஞர் மதுவுக்கும் நேர்த்தொடர்பு உண்டெனச் சொல்லச் சான்று போதாது. மீனவர் குடிகளில் அரிசிமது தொடர்ந்தது என்ற அளவே கூறலாம்.

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மரவரியையும் சாராய உரிமத்தையும் மையமாகக் கொண்டது. வீட்டில் அட்ட மதுவுக்கு அந்த வருவாய்க் கணக்கில் இடம் குறைவு. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு அதனைக் குற்றமாக்கியது. 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது ஆலைமதுவும் கள்ளும் சாராயமும் பேசப்பட்டன; நெல்மது பேசப்படவில்லை. இன்றைய கள் விவாதத்திலும் 'மரபு மது' என்பது பனையையே குறிக்கிறது. கலம் கழுவிய அந்தத் துறைமுக மகளிரின் தொழிலுக்கு அதில் இடமில்லை. பெங்களூரின் மைக்ரோப்ரூவரிகளில் அரிசி, கேழ்வரகு சேர்த்த பீர்வகைகள் புதுமையாகச் சுவைக்கப்படுகின்றன. ஏரிக்கரையில் விற்கும் ஆலை லாகர் பலவற்றிலும் செலவைக் குறைக்க அரிசி சேர்க்கப்படுகிறது. அருந்துவோர் அதனை அறிவதில்லை.

இவ்வரலாற்றை மேலும் எழுத இலக்கியம் மட்டும் போதாது. மதுவிலக்குக் கால வழக்கு ஆவணங்களில், கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்களில், பானை, அரிசிக்களி, புளிப்பு அடை ஆகியவை எப்பெயரால் எழுதப்பட்டன என்பதைத் தேடவேண்டும். 'அடை' எதுவென்ற கேள்விக்கு ஆய்வகத்திலும் விடை காணலாம்: தீட்டாத அரிசிக்களியில் நெல்முளையை ஒரு சாடியிலும் பூஞ்சை அடையை மற்றொன்றிலும் கலந்து, கடற்கரை வெப்பத்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, எதில் வழைச்சு நீங்குகிறது என்று பார்த்தால் போதும்.