ஈழத்துக் கற்களும் இளம் ஆய்வாளரும்

இரத்தினங்களாற் புகழ்பெற்றது இலங்கை. ஆயின், அதன் கற்களைக் கொண்டு ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றோர் யாவர், எங்கே பயின்றனர் என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. இரு சான்றுகள் ஈண்டு நோக்கத்தக்கன.

1903ஆம் ஆண்டில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைவராய் அமர்ந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி ஆவர். கலையுலகிற் பின்னர் அவர் எய்திய புகழ் இப்பணியை மறைத்துவிட்டது. 1904இல் பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த பாரமான கரிய கனிப்பொருளொன்று இலண்டனிலே ஆராயப்பட்டுத் தோரியனைற்று எனப் பெயர்பெற்றது. அவ்வாண்டிலேயே, ஆங்கிலம் பயிலும் நோக்குடன் சேர் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்தை அடைந்தார் ஓட்டோ ஹான் என்னும் செருமானிய இளைஞர். அவர் கற்றது சேதன இரசாயனம். கதிர்த்தொழிற்பாட்டில் அவருக்குப் பயிற்சி இல்லை. எனினும் இராம்சே, இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பினைக் கொடுத்து, அதிலுள்ள இரேடியத்தைப் பிரிக்குமாறு பணித்தார். அம்முயற்சியிலே 1905இல் இரேடியோதோரியத்தை ஹான் கண்டறிந்தார். அவர் வாழ்வின் திசையும் மாறிற்று. 1944ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெற் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது.

இரண்டாவது சான்று பெங்களூருக்குரியது. அங்கே 1948இல் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய சேர் சி. வி. இராமன், தம் இளம் உதவியாளராகிய ஜெயராமன், சீனிவாசன் என்போருடன் இலங்கைச் சந்திரகாந்தக் கல்லை ஆராய்ந்து, 1950இல் ஆய்வுரை வெளியிட்டார். 1960இல் அமெரிக்கா சென்ற ஜெயராமன் உயர் அமுக்க ஆய்வில் ஈடுபட்டார். இரு வைரங்களின் சிறு முகங்களுக்கிடையே பளிங்கொன்றை வைத்து நெருக்கின், விசை மிகச் சிறு பரப்பிற் குவிதலால் இலட்சக்கணக்கான வளிமண்டல அமுக்கம் உண்டாகும். வைரம் ஒளியையும் எக்ஸ்-கதிரையும் ஊடுசெல்ல விடுமாதலின், நெருக்குண்ட பளிங்கின் மாற்றத்தை அந்நிலையிலேயே ஆராயலாம். இம்முறை பற்றி ஜெயராமன் 1983இல் விரிவான கட்டுரை எழுதினார்.

இவ்விருவரையும் உருவாக்கியது கல் மாத்திரமன்று. கல்லைக் கையிற் கொடுத்து வினாவையும் உடன் கொடுத்த ஆசிரியரும் ஆவர். கல் நம்முடையது; பயிற்சியோ இருமுறையும் பிறநாட்டிலேயே நிகழ்ந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரத்தினம் இல்லை, சுண்ணக்கல் உண்டு. நம் கிணறுகள் ஊடறுக்கும் அக்கல்லின் பெரும்பகுதி கல்சைற்று. நம் கடலிற் குளித்தெடுக்கும் சங்கின் ஓடு அரகனைற்று. இரண்டும் கல்சியங்காபனேற்றே, அணுக்கள் அடுக்கப்பட்ட முறை மாத்திரம் வேறு. கல்சைற்றைப் போதிய அமுக்கத்துக்கு உட்படுத்தின் அது அரகனைற்றாக மாறும். சங்கோ உயிரின் தொழிற்பாட்டால், பேரமுக்கம் எதுவுமின்றியே அதனை ஆக்கிக்கொள்கின்றது. இஃது எங்ஙனம் இயலும் என்று மாணவரை எண்ணச் செய்தற்குப் பெரும்பொறி எதுவும் வேண்டுவதில்லை. கிணற்றுக் கல்லொன்றும் சங்கொன்றும் வகுப்பறை மேசைமேல் வைக்கப்பட்டாற் போதும். அதனைச் செய்தல் ஆசிரியராகிய நம் கடன்.