தொப்பூர் கணவாயில் வந்த படபடப்பு

1986-ல் ஒரு நாள் தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் திடீரென்று நெஞ்சு படபடவென அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின, சட்டையெல்லாம் வேர்வை. இதோ போகப்போகிறோம் என்றே நினைத்தேன். கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. "கணவாயில முனி அடிச்சிருக்கும்" என்று அம்மா கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். அப்புறம் அந்த வழியில் பஸ் ஏறவே பயம். அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூட சேலம் போகவில்லை.

மனநல டாக்டரைப் பாருங்கள் என்று எங்கள் டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் காலத்தில் "கீழ்ப்பாக்கம்" என்றாலே வசவு. தெரிந்தால் ஊர் என்ன பேசும்? இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

இந்தக் கோளாறுக்கு நீண்ட சரித்திரம் உண்டு என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் பலருக்கு நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத்திணறலும் வந்தன. அப்படிப்பட்ட சுமார் 300 பேரைப் பரிசோதித்த டா கோஸ்டா என்ற டாக்டர் 1871-ல் அதைப் பற்றி எழுதினார். இதயம் எரிச்சல் பட்டிருக்கிறது என்பது அவர் கணிப்பு. முதல் உலகப் போரிலும் இதை 'சிப்பாய் இதயம்' என்றே சொன்னார்கள். எனக்கு ஈ.சி.ஜி. எடுத்ததில் என்ன ஆச்சரியம்!

அதே 1871-ல்தான் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. அதன் மூலம் 1794-லேயே சென்னையில் தொடங்கிய ஒரு விடுதி. 1961-லிருந்து அதை நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பின் 1984-ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். இப்படிப்பட்டவர் இருந்த இடத்தின் பெயரைத்தான் நாங்கள் வசவாக்கி வைத்திருந்தோம்.

1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டொனால்ட் கிளைன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். சாகப்போகிறேன் என்று நர்ஸிடம் ஓடிக்கொண்டிருந்த நோயாளிகள், மனச்சோர்வுக்கான இமிப்ரமின் மாத்திரை சாப்பிட்டதும் அப்படி ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பிடித்தது. அதாவது எனக்கு வந்தபோது அந்தப் பெயருக்கு ஆறு வயது.

1988-ல் என் மனைவி பிடிவாதம் பிடித்து பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு அழைத்துப் போனாள். வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல உயிர் போகாது, ஆனா பயம் நிஜம்" என்றார். எழுதிக் கொடுத்த மாத்திரை அதே இமிப்ரமின்.

நம் வயதில் நெஞ்சு வலித்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் அலட்சியம் கூடாது. அது சரியாக இருந்தும் பயம் வந்தால், 2022-லிருந்து 14416 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

அடுத்த பொங்கலுக்கு முன் சேலம் பஸ் ஏறினேன். கணவாய் இறக்கத்தில் நெஞ்சு லேசாக அடித்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவழியில் இறங்கவில்லை.